வெள்ளத்தில் நின்ற காரை 4.35 லட்சத்துக்கு வாங்கினேன்

நான் திருச்சியில் இருக்கிறேன். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் ஆட்டோவில் போய்வருவது அவருக்கு முடியவில்லை என்பதால் 2024 ஜூனில் ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் வாங்கினேன். 2017 மாடல், பெட்ரோல், டிஎன் 11 தாம்பரம் பதிவு, சிங்கிள் ஓனர். இதே மாடலுக்கு மற்ற இடங்களில் 4.75 லட்சம் சொன்னார்கள், இந்த புரோக்கர் 4.35க்கு இறங்கி வந்தார். நாற்பதாயிரம் மிச்சம் என்று சந்தோஷமாகத்தான் ஓட்டி வந்தேன்.

புது சீட் கவர், புது மேட், உள்ளே நல்ல சென்ட் வாசனை. விற்பதற்காகச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓட்டிப் பார்த்ததில் ஒரு குறையும் தெரியவில்லை.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஐப்பசி மழை தொடங்கியதும் பவர் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது, அப்புறம் பிரேக்கைச் சேர்ந்த ஏபிஎஸ் விளக்கு. ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாலக்கரை பக்கம் நடுரோட்டில் வண்டி நின்றேவிட்டது. டயாலிசிஸ் முடிந்த களைப்போடு அம்மா ஒரு கடை வாசல் படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் தெரு மெக்கானிக் சீட்டைக் கழற்றி, தரையில் ஒட்டியிருந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் காய்ந்த வண்டல். ஒயரிங் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு. டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் டீத்தண்ணி நிறத்தில் ஒரு கோடு. "தம்பி, இது வெள்ளத்துல நின்ன வண்டி. தண்ணி சீட்டுக்கு மேல ஏறியிருக்கு" என்றார். கழுவித் துடைத்தால் வண்டி உடனே ஓடும், களிம்பு பிடித்துக் கோளாறு வெளியே வரத்தான் மாதங்கள் ஆகும் என்று அப்புறம்தான் புரிந்தது.

தாம்பரத்தில் இருக்கும் என் மச்சான், ஆர்சியில் இருந்த முகவரிக்கு நேரில் போய் விசாரித்தார். "ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், பேச முடியாது" என்று புரோக்கர் சொல்லியிருந்தார். ஓனரோ வீட்டில்தான் இருந்தார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றதையும், இன்சூரன்ஸில் கிளெய்ம் செய்து ரிப்பேர் பார்த்ததையும், அதைச் சொல்லியேதான் புரோக்கரிடம் 2.60 லட்சத்துக்குக் கொடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னார்.

நீங்கள் வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் இதை மட்டுமாவது கவனியுங்கள். இந்த உண்மைக்கான தடயம் முதல் நாளே என் கையில் இருந்தது. புரோக்கர் கொடுத்த இன்சூரன்ஸ் பாலிசி 2024 மார்ச்சில் புதுப்பித்தது. அதில் நோ கிளெய்ம் போனஸ் 0 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்காகக் கட்டும் தொகையில், கிடைக்கும் இந்தத் தள்ளுபடி முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் போனால் 50 சதவீதம் வரை ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் பொதுவாக அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரே ஓனர் ஏழு வருடம் வைத்திருந்த வண்டிக்கு ஏன் பூஜ்யம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். சின்ன உரசலுக்குக் கிளெய்ம் போட்டாலும் பூஜ்யம் ஆகும்தான். ஆனால் காரணம் தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முந்தைய வருடத்து பாலிசியையும் கேளுங்கள். "தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது" என்றால், அது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான பாலிசி, இந்த விவரமே அதில் இருக்காது, அப்போது இன்னும் துருவிக் கேளுங்கள்.

சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாருங்கள், சீட்டுக்கு அடியில், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் கம்பித் தடத்தில் துரு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுங்கள். பழைய ஓனரிடம் போனிலாவது பேசாமல் வாங்கவே வாங்காதீர்கள். சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி வரலாற்றை எடுத்துத் தர அவரால் முடியும்.

இதுவரை ரிப்பேருக்கு 68,000 ரூபாய் ஆகியிருக்கிறது. புரோக்கரிடம் போனேன். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். என் சிக்கல் வேறு. 3 லட்சத்தைத்தான் வங்கி வழியாகக் கொடுத்தேன். மீதி 1.35 லட்சம் ரொக்கம், அதற்கு ரசீது இல்லை. முழுப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். "வெள்ளத்தில் மூழ்காத வண்டி" என்று விற்பவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

அம்மா இப்போது மறுபடியும் ஆட்டோவில்தான் போய்வருகிறார்.