சாரம் அவிழ்ந்த பின் சுவர் நெகிழ்ந்ததா? அப்சார்ப் கரையும் ஸ்டென்ட் குறித்து ஒரு மதிப்பீடு

சுவர் தானாக நிற்கும்வரை சாரம் கட்டி வைப்பதும், நின்றதும் அதை அவிழ்த்துவிடுவதும் கட்டட வேலையில் வழக்கம். அடைப்பு நீக்கிய இதயத் தமனிக்கும் சில மாதங்களுக்கு மட்டும் முட்டுக்கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் அபாட் நிறுவனத்தின் அப்சார்ப் என்ற ஸ்டென்ட், அதாவது தமனியை உள்ளிருந்து தாங்கிப் பின் கரைந்துவிடும் வலைக்குழாய். ஐரோப்பாவில் 2011-இலும் அமெரிக்காவில் 2016-இலும் ஒப்புதல் பெற்ற இதன் விற்பனை 2017 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. சந்தையை விட்டுப் போன ஒன்றை இப்போது மதிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 'ஸ்டென்ட் கரைந்தால் தமனிச் சுவர் பழைய நெகிழ்வைப் பெறும்' என்ற அதன் வாக்குறுதி, அடுத்து வந்த கருவிகளின் பெயரிலும் தொடர்ந்து சொல்லப்படுகிறது.

நெகிழ்வு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று குணங்கள் அடங்கியிருக்கின்றன. தமனி தன் இயல்பான வளைவோடு இருப்பது ஒன்று. ஒவ்வொரு துடிப்புக்கும் சற்றே விரிந்து சுருங்குவது இன்னொன்று. உழைப்பின்போது கூடுதல் இரத்தம் தேவைப்பட்டால் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை அகலப்படுத்துவது மூன்றாவது. உலோக ஸ்டென்ட் வளைவை நிமிர்த்திவிடும். தான் இருக்கும் பகுதியை விறைப்பாக்கி, இரு முனைகளுக்கு அப்பால் மட்டும் குழாயைத் துடிக்க விடும்.

அப்சார்ப்பின் உடல் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆனது. அதன் மேல் எவரோலிமஸ் என்ற மருந்து பூசப்பட்டிருக்கும். நீர் அந்தப் பாலிமர்ச் சங்கிலிகளைச் சிறிது சிறிதாக அறுக்க, அவை லாக்டிக் அமிலமாகி, முடிவில் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறிவிடுகின்றன. குழாயைத் தாங்கும் வலு ஏறத்தாழ ஆறு மாதம் நிற்கும். பொருள் முழுதும் மறைய மூன்று ஆண்டு ஆகும். குழாய்க்குள் ஒளியைச் செலுத்தி எடுக்கும் படத்தில் முதல் நாள் அதன் கம்பிகள் வெண்கரையிட்ட சிறு கறுப்புப் பெட்டிகளாக வரிசையாகத் தெரியும். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் பெட்டிகள் இரா. அவற்றின் இடத்தை இணைப்புத் திசு நிரப்பியிருக்கும். எக்ஸ்ரேயில் மட்டும், இரு முனைகளிலும் பதித்த பிளாட்டினக் குறிகள் இரண்டிரண்டு புள்ளிகளாக எப்போதும் எஞ்சி நிற்கும். நடுவில் எதுவும் இல்லாத அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போது, கரைவது என்ற பாதி வாக்குறுதியை இந்தக் கருவி நிறைவேற்றியதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

மறுபாதிதான் சிக்கலானது. வளைவைப் பொறுத்தவரை நல்ல செய்திதான்: பொருத்தியபோது ஓரளவு நிமிர்ந்த தமனி, ஓராண்டுக்குள் தன் பழைய வளைவை நோக்கித் திரும்பியது. தொடக்ககால ஆய்வுகளில், அசிடைல்கோலின் போன்ற மருந்துகளைச் செலுத்தியபோது ஸ்டென்ட் இருந்த பகுதி ஓராண்டில் அசையவும் செய்தது. ஆனால் அசிடைல்கோலினுக்குக் குழாய் விரிந்தால்தான் உட்சுவர் நலமாக இருக்கிறது என்று பொருள். சிலரிடம் அது சுருங்கியது. குழாய் அசைய விடுதலை பெற்றுவிட்டது என்பதையும், அதன் உட்சுவர் நலம் பெற்றுவிட்டது என்பதையும் ஒன்றாகக் கொள்ளக்கூடாது.

நேரடி ஒப்பீடு அப்சார்ப்-2 ஆய்வில் வந்தது. 501 நோயாளிகளிடம், மூன்று ஆண்டு முடிவில் குழாயை விரிக்கும் நைட்ரேட் மருந்தைக் கொடுத்து விரிவை அளந்தபோது, கரையும் ஸ்டென்ட் உள்ள தமனி சராசரியாக 0.047 மி.மீ. விரிந்தது, உலோக ஸ்டென்ட் உள்ளது 0.056 மி.மீ. விரிந்தது. எந்த மேன்மையை நிலைநாட்ட அந்த ஆய்வு வடிவமைக்கப்பட்டதோ, அதே மேன்மை அதில் தென்படவில்லை. இரண்டு எண்களுமே ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்குபவை என்பதால், ஆஞ்சியோகிராமில் இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை அளக்க முடியுமா என்று கேட்பது நியாயமே. ஆனாலும் நோயாளி உணரும் நெஞ்சுவலியில் நன்மை தெரிந்திருக்க வேண்டாமா? எந்த ஸ்டென்ட் என்று நோயாளிக்குச் சொல்லாமல் நடத்திய அப்சார்ப்-4 ஆய்வில், ஓராண்டில் நெஞ்சுவலி வந்தவர்கள் கரையும் ஸ்டென்ட் பக்கம் 20.3 விழுக்காடு, உலோக ஸ்டென்ட் பக்கம் 20.5 விழுக்காடு.

இந்த நெகிழ்வுக்காகக் கொடுத்த விலையை நினைத்தால் மனம் கனக்கிறது. பாலிமர் உலோகத்தைவிட வலுக் குறைந்தது என்பதால் கம்பிகள் ஏறத்தாழ 150 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனாக வேண்டியிருந்தன. ஒப்பிடப்பட்ட உலோக ஸ்டென்ட்டில் அது 81 மைக்ரான்தான். தடித்த கம்பி இரத்த ஓட்டத்தைக் கலைக்கும். திசு மூடுவதற்குள் சிதையத் தொடங்கினால் துண்டுகள் குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்சார்ப்-3 ஆய்வில் மூன்று ஆண்டுக்குள் ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்தவர்கள் 2.3 விழுக்காடு, உலோகத்தில் 0.7. மூன்றாம் ஆண்டுக்குப் பின் அந்தக் கூடுதல் ஆபத்து நீங்கியது உண்மை. ஆனால் அதுவரை கடந்து வர வேண்டியவர் நோயாளிதானே!

ஆகவே, நெகிழ்வை மட்டும் நம்பி இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. பெரும்பகுதி ஓராண்டிலேயே கரையும் மக்னீசியக் கருவியான மேக்மாரிஸும், உலோகமாகவே இருந்து ஆறு மாதத்தில் இணைப்புப் பூட்டுகள் விடுபட்டுக் குழாயைத் துடிக்க விடும் டைனமெக்ஸும் இதே குறிக்கோளை வேறு வழிகளில் தேடுகின்றன. அவற்றை மதிப்பிடும்போது, எத்தனை மைக்ரான் விரிந்தது என்பதற்கு முன்னால், முதல் மூன்று ஆண்டில் எத்தனை பேருக்கு இரத்தம் உறைந்தது என்ற எண்ணைத்தான் நான் தேடுவேன்.