“பெட்டை மட்டும்” என்று நாட்டுக்கோழிக் குஞ்சு விற்பவர்களிடம் கவனமாக இருங்கள்

சென்ற ஆடி மாதம் வாரச்சந்தையில், பெட்டை மட்டும் தனியே பிரித்தெடுத்தவை என்று சொன்ன ஒரு வியாபாரியிடம், பிறந்து இரண்டு நாளான 20 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை, குஞ்சு ஒன்றுக்கு 20 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். அவர் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் இறக்கையை விரித்து, ஓரத்தில் முளைத்திருந்த இரண்டு வரிசைச் சிற்றிறகுகளைக் காட்டினார். ஒரு வரிசை நீண்டு, மற்றது குட்டையாக இருந்தால் பெட்டை என்றும், இரண்டும் சமமாக இருந்தால் சேவல் என்றும் விளக்கினார். இந்த முறையைப் பற்றி முன்பே படித்திருந்ததால், வேறு எதுவும் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அரைகுறையாகப் படித்திருந்ததுதான் என்னை ஏமாற வைத்தது.

இரண்டு குஞ்சுகள் முதல் வாரத்திலேயே இறந்தன. அதற்கு வியாபாரியைக் குறை சொல்ல மாட்டேன். ஆறாவது வாரத்தில் பல குஞ்சுகளுக்குக் கொண்டை தடித்துச் சிவந்தபோது சந்தேகம் வந்தது. நான்காம் மாதம் ஒரு விடியற்காலையில், பஞ்சாரத்துக்குள்ளிருந்து தொண்டை கட்டியது போன்ற ஒரு கூவல் கேட்டது. எண்ணிப் பார்த்தால் 18இல் 10 சேவல்கள். பிரிக்காத குஞ்சுகளை வாங்கியிருந்தாலும் கணக்கு ஏறத்தாழ இப்படித்தான் வந்திருக்கும்.

இறக்கையைப் பார்ப்பது பொய்யான முறையன்று. ஆனால் இறகு மெதுவாக முளைக்கும் தாயையும் விரைவாக முளைக்கும் தந்தையையும் திட்டமிட்டு இணைத்துப் பெற்ற குஞ்சுகளுக்கு மட்டுமே அது பொருந்தும். மெதுவாக முளைக்கும் அந்தத் தன்மையைத் தாய்க்கோழி தன் ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கடத்துவதால்தான் அங்கே வேறுபாடு தெரிகிறது. அதுவும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் பார்த்தாக வேண்டும். தாயும் தந்தையும் எவை என்றே தெரியாத நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையில் நீளமான இறகு இருப்பதால் எதுவும் விளங்காது. கூர்முனை முட்டையில் சேவல் பொரிக்கும் என்று எங்கள் ஆத்தா சொன்னதும் இதே ரகம்தான். ஆனால் அதற்கு அவர் காசு வாங்கவில்லை. எச்சத்துளையைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிக்கும் முறை நம்பகமானதே, எனினும் அது பெரிய பொரிப்பகங்களில் நீண்ட பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை.

வியாபாரியிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். தீனி சரியில்லாததால் சேவலாக மாறிவிட்டது என்றார்.

இப்போது மூன்று மாதம் கடந்த விடைக்கோழிகளையே, அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டைகளையே, விலை கூடினாலும், வாங்குகிறேன். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே முதுகிறகை விலக்கிப் பார்க்கிறேன். நுனி கூராகி, பளபளப்பாக நீண்டு தொங்கினால் சேவல், நுனி உருண்டிருந்தால் பெட்டை.