குந்தி ஆறு என்று சொல்லி வேறோர் ஆற்றைக் காட்டினார்கள்

புதுச்சேரியிலிருந்தோ கடலூரிலிருந்தோ கேரளத்தின் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவுக்குச் செல்வதற்காகத் தனியார் பயண ஏற்பாட்டாளர்களிடம் முன்பணம் கட்டியிருப்பவர்கள், புறப்படும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சென்ற டிசம்பரில் நான், என் மனைவி, மகள், எழுபத்து நான்கு வயதான என் அப்பா ஆகிய நால்வரும் 34,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைவிட, அப்பாவை அவர்கள் ஏமாற்றிய விதம்தான் இன்னும் மனத்தை அறுக்கிறது.

அப்பா பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர்; திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்தும் கேட்டு வளர்ந்தவர். விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது திரௌபதி வைத்துக்கொண்ட சைரந்திரி என்ற பெயரில் சைலண்ட் வேலியின் நடுவே ஓர் இடம் இருப்பதையும், அதையொட்டிக் குந்தியின் பெயரில் ஓர் ஆறு ஓடுவதையும் எங்கோ படித்த நாளிலிருந்து, கால் நடமாட்டம் இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

புதுச்சேரியில் உள்ள ஒரு பயண நிறுவனம், வனத்துறை அனுமதி, காட்டுக்குள் தனி ஜீப், குந்தி ஆற்றில் குளியல், காட்டு விடுதியில் ஓர் இரவு என எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டது. அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டதற்கு, அதைப் பூங்காவின் நுழைவுச் சாவடி இருக்கும் முக்காலி என்ற ஊரில் எங்கள் ஆள் தருவார் என்றார்கள். நான் அங்கேயே விழித்திருக்க வேண்டும். கையில் கிடைத்தது, நிறுவனத்தின் முத்திரை குத்திய, ‘காட்டுப் பயணம், நால்வர்’ என்று மட்டும் எழுதிய ஒரு ரசீது.

சேலம், கோயம்புத்தூர், ஆனைகட்டி, அகளி வழியாக வேன் முக்காலியை அடைந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். வனத்துறையின் பெயரோ சின்னமோ இல்லாத ஒரு பழைய ஜீப்பில் எங்களை ஏற்றிக்கொண்ட ஆள், பூங்காவின் நுழைவுச் சாவடிப் பக்கமே போகாமல், தார்ச்சாலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாக்குத் தோப்பு ஒன்றைத் தாண்டி ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தினார். சைரந்திரியை இன்று மூடிவிட்டார்கள், ஆனால் குந்தி ஆறு இதுதான் என்று அவர் சொன்னதும், அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைப் பிடித்து மெல்ல இறங்கி, இரு கைகளாலும் தண்ணீரை அள்ளிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு பூஜை அறையில் வைப்பதற்காக ஒரு பாட்டிலில் நிரப்பிக்கொண்டார். எதிர்க்கரையில் இரண்டு ஓட்டு வீடுகளும் கொடியில் காயும் சேலைகளும் தெரிந்தன. மனிதக் குடியிருப்பே இல்லாத காடு என்று படித்திருந்த எனக்கு அப்போதுதான் சந்தேகம் எழுந்தது.

முக்காலிக்குத் திரும்பி, தேநீர்க் கடைக்காரரிடம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். “இது பவானி, அண்ணா. குந்திப்புழைக்கு இங்கிருந்து காட்டுக்குள்ளே இருபத்து மூன்று கிலோமீட்டர் போகணும்” என்று தமிழிலேயே சொன்னார். நுழைவுச் சாவடிக்கு ஓடினேன். அன்று காலை முழுவதும் வண்டிகள் சைரந்திரிக்குப் போய் வந்திருக்கின்றன. எங்கள் பெயரில் முன்பதிவே இல்லை. அன்றைய அனுமதியும் முடிந்திருந்தது. காட்டு விடுதி என்றது, சாலையோரக் கடை ஒன்றின் மாடியறை.

இரண்டு ஆறுகளையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. குந்திப்புழை பூங்காவின் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடி, தூதப்புழையாகிப் பாரதப்புழையில் சேர்ந்து, மேற்கே அரபிக் கடலுக்குப் போகிறது. பவானியோ முக்காலி அருகே சட்டென்று வடகிழக்காகத் திரும்பி, அட்டப்பாடி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து காவிரியில் கலக்கிறது. அந்தக் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம்தான் கடலூர் மாவட்டத்தின் தென்னெல்லை. நம் ஊர்ப் பக்கம் வரும் ஆற்றையே காட்டி, நாங்கள் தேடிப் போன ஆறு என்று சொல்லிவிட்டார்கள். குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து மக்கள் பல ஆண்டுகள் போராடியதால்தான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்படிக் காப்பாற்றப்பட்ட ஆற்றின் பெயரை வைத்து இப்படி ஒரு வியாபாரம் நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

போகிறவர்கள் அறிய வேண்டியது இதுதான்: முக்காலிக்கு அப்பால் சொந்த வாகனம் செல்ல அனுமதி இல்லை, வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில், வழிகாட்டியுடன்தான் சைரந்திரிக்குப் போக முடியும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால் வனத்துறையிடம் நேரடியாக முன்பதிவு செய்துவிட்டு, காலையிலேயே போய்ச் சேர வேண்டும். தனி ஜீப்பில் காட்டுக்குள் அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஒன்று அது பொய்யாக இருக்கும். அல்லது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களையும் குற்றத்தில் சேர்த்துவிடும் செயலாக இருக்கும்.

ஊர் திரும்பியதும் அந்த நிறுவனத்திடம் கேட்டேன். வனத்துறை திடீரென மூடிவிட்டது என்று முதலில் சொன்னார்கள். சாவடியில் விசாரித்ததைச் சொன்னதும், எல்லா ஆறும் ஒரே மலையிலிருந்துதானே வருகிறது என்றார்கள். கடைசியில் 2,000 ரூபாய் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அதை வாங்காமல், ரசீதையும், பணம் அனுப்பிய விவரத்தையும், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய பயணத் திட்டத்தையும் இணைத்து, புதுச்சேரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இதுபோல் ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

அந்தத் தண்ணீர் குந்தியுடையது அல்ல என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பாட்டிலைப் பூஜை அறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “அப்போ அந்த ஆறு எந்தப் பக்கம்டா இருந்தது?” என்று மட்டும் கேட்டார்.