நேரம் பார்த்துச் சாப்பாடா, சாப்பாடு பார்த்து இன்சுலினா?

டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் கிட்டத்தட்டச் சுரக்காமல் போவது) உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். காலையும் இரவும் 30/70 கலவை இன்சுலினைப் போட்டுவிட்டு, டயட் சார்ட்டில் உள்ளதை உள்ள நேரத்தில் சாப்பிட வைப்பதா? இல்லை, நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலின் ஒன்றைத் தினமும் போட்டு, ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கும் மாவுச்சத்தைக் கணக்கிட்டு வேக இன்சுலினைத் தனியாகப் போடுவதா? எங்கள் மகளுக்கு முதல் முறையில்தான் தொடங்கினோம், இப்போது இரண்டாவதில் இருக்கிறோம். நான் இரண்டாவதன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். முதலாவதில் நாளைக்கு 2 ஊசி, இரண்டாவதில் குறைந்தது 4. இரண்டாவதில் ஸ்ட்ரிப் செலவும் கூடும், ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் சுகர் பார்க்காமல் அளவை முடிவு செய்ய முடியாது. காய்கறி, பருப்பு, முட்டை, ஓடி விளையாடுவது, நேரத்துக்குத் தூங்குவது எல்லாம் இரண்டுக்கும் பொது. காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிடாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்த்து மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொதுதான்.

எங்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் பட்டது ஒன்றே ஒன்று: வைத்ததைப் பிள்ளை முழுசாகச் சாப்பிடாத நாள்.

கலவை இன்சுலினில் 70 பங்கு மெதுவாக வேலை செய்வது, போட்டு நாலு மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்குப் போகும். காலை ஏழரைக்குப் போட்டால் முற்பகலிலிருந்து மதியம் தாண்டியும் அது சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சார்ட்டில் 11 மணிக்குச் சுண்டல், ஒன்றுக்குச் சாப்பாடு, மாலையில் ஏதாவது, படுக்கும்முன் பால் என்று போட்டிருப்பார்கள். மருந்து உள்ளே போய்விட்டது, இனி சாப்பாடுதான் அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும். நாலு இட்லிக்குப் போட்டுவிட்டு அவள் இரண்டோடு எழுந்துவிட்டால் அன்று காலை முழுக்க வீட்டில் கெஞ்சலும் அழுகையும்தான். பசிக்காதபோது "சாப்பிட்டே ஆகணும்", பசிக்கும்போது "இப்ப வேண்டாம், நேரம் ஆகலை." வளர்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டின் மேல் வெறுப்பு வர இதைவிட என்ன வேண்டும்? கல்யாண வீட்டில் பந்தி இரண்டரைக்கு நகர்ந்தால், நாங்கள் குளுக்கோஸ் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இரண்டாவது முறையில் சாப்பாட்டுக்குத் தக்கபடி மருந்து மாறுகிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 25 யூனிட் போடும் பிள்ளை என்று வையுங்கள். இந்தக் கணக்குக்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் எண் 500, அதை 25-ஆல் வகுத்தால் 20, அதாவது 20 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். இது தொடங்குவதற்கான கணக்குதான், வேளைக்கு வேளை மாறும், மருத்துவர்தான் சரிசெய்து தருவார். வீட்டு இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம். நாலுக்கு 48 கிராம், கிட்டத்தட்ட இரண்டரை யூனிட். இரண்டு போதும் என்றால் ஒரு யூனிட் சொச்சம், அரை அரை யூனிட்டாக நகரும் இன்சுலின் பென் (பேனா வடிவ ஊசி) இருந்தால் இதெல்லாம் சுலபம். வேக இன்சுலினைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் போடுவதுதான் நல்லது. ஆனால் எவ்வளவு சாப்பிடுவாள் என்றே தெரியாத நாளில், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டபடி, சாப்பிட்டு முடித்ததும் போடுகிறோம். வீட்டில் சண்டை நின்றது இதனால்தான்.

உழைப்பு இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் சமையலறைத் தராசில் சோற்றை நிறுத்துத்தான் போட வேண்டும், 100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. போகப்போக எந்தக் கரண்டிக்கு எவ்வளவு என்று கைக்கே தெரிந்துவிடும்.

நிறுத்துப் பார்க்கத் தொடங்கியதில் இன்னொன்றும் தெளிவானது. உறவுக்காரர்கள் எல்லாரும் "கேழ்வரகு கொடு, சுகர் ஏறாது" என்பார்கள். அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகிலும் 65 முதல் 70 வரை இருக்கிறது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல், தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அதற்கும் இன்சுலின் உண்டு. கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தால் சரசரவென்று ஏறவும் செய்யும். பத்தியத்தை மட்டும் வைத்து இந்த நோயைப் பிடித்து நிறுத்த முடியாது. 1922-இல் இன்சுலின் வருவதற்கு முன் பிள்ளைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருந்தார்கள்.

இதில் பயமும் உண்டு. 1993-இல் வெளியான டிசிசிடி என்ற பெரிய அமெரிக்க-கனடா ஆய்வில், சுகரைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது, ஆனால் கடுமையான லோ, அதாவது சுகர் ஆபத்தாக இறங்கிப்போவது, மூன்று மடங்கு ஆனது. இப்போதைய வேக இன்சுலின்கள் அன்று இல்லை. இருந்தாலும் சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புரோட்டா, பிரியாணி விஷயத்தில் எனக்கு இன்னும் கை வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் நன்றாகக் காட்டிவிட்டு, கொழுப்பினால் நாலைந்து மணி நேரம் கழித்து ஏறுகிறது. விளையாட்டிலும் மாலையில் சைக்கிள் ஓட்டுவது வரைதான் எங்கள் அனுபவம், தினமும் கடுமையாகப் பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது போதாது.

முதல் முறையே சரிப்படும் வீடுகளும் உண்டு. மதியம் பள்ளியில் ஊசி போட ஆள் இல்லாத சின்னப் பிள்ளை, ஸ்ட்ரிப் வாங்கவே திண்டாட்டம், தாத்தா பாட்டி மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அதை ஒழுங்காகச் செய்வதே பெரிய காரியம். எங்கள் மகள் பென்னைத் தானே போட்டுக்கொள்வாள், டீச்சர் எண்ணை மட்டும் சரிபார்ப்பார். ஐந்து வயதில் இது நடந்திருக்காது.

மாறுவதென்றால் மருத்துவரோடு பேசித்தான் மாற வேண்டும். அப்புறம், பழைய சிரிஞ்சுகளை எடுத்துத் தனியாக வையுங்கள். இங்கே இந்தியாவில் குப்பியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பென் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100. பென் பழுதான அவசரத்தில் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்துப் போட்டால், அதே கோட்டுக்கு இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போய்விடும். மில்லிக்கு 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு நாலைந்து வாங்கி, பென் பையிலேயே போட்டு வைத்திருக்கிறோம்.