குறுக்குக் கோடு விழுந்த வேர்ஷன்கோட்: எந்த வழி நமக்குச் சரி?

அன்ட்ரொய்ட் செயலியின் பதிப்பு எண்ணைத் தருவது பேக்கேஜ்இன்ஃபோ வகுப்பின் வேர்ஷன்கோட். 2018இல் அன்ட்ரொய்ட் 9 (அதன் ஏ.பி.ஐ. நிலை எண் 28) வந்ததோடு அது வழக்கொழிந்ததாகிவிட்டது; எடிட்டரில் அதன்மேல் குறுக்குக் கோடு விழும். 32 பிட் இன்ட் இருந்த இடத்தில் இப்போது 64 பிட் லோங்: மேல் பாதியில் வேர்ஷன்கோட்மேஜர், கீழ்ப் பாதியில் பழைய எண். பழைய அழைப்பு இன்றும் வேலை செய்கிறது. அதனால் பலர் சப்ரஸ் போட்டு எச்சரிக்கையின் வாயை மூடிவிடுகிறார்கள். மேஜர் எண் பயன்படுத்தாதவருக்கு அதனால் பெரிய நட்டமும் இல்லை.

அவசரப்பட்டு நேரே புதிய லோங்கைத் தரும் கெட்லோங்வேர்ஷன்கோட் என்று மாற்றுவதுதான் வில்லங்கம். அந்த மெதட் ஏ.பி.ஐ. 28க்குக் கீழே கிடையாது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுவை பதிய ஒரு செயலி எழுதுவதாக வையுங்கள். கங்காணியின் கையில் இருப்பது அண்ணனிடமிருந்து மகனுக்குப் போய், அவன் கொழும்புக்கு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற அன்ட்ரொய்ட் 8 போனாக இருக்கலாம். நிறுவைக்கு வரிசை நிற்கும்போது செயலி நோசச்மெதட்எரர் (அப்படியொரு மெதட் இல்லை என்ற பிழை) சொல்லி விழுந்தால், அன்றைய அரைப் பேர், முழுப் பேர் (அரை நாள், முழு நாள் சம்பளம்) கணக்கெல்லாம் தகராறுதான். கோடில் பிழை தேடும் லின்ட் கருவி இதை முன்கூட்டியே சொல்லும், நாம் படிப்பதில்லை.

போனின் எஸ்.டி.கே. எண்ணை, அதாவது ஏ.பி.ஐ. நிலையை, பார்த்து நாமே இஃப் போடலாம். சரியாகத்தான் ஓடும், ஆனால் எல்ஸ் கிளையில் அதே பழைய அழைப்பு, அதற்கு மறுபடி சப்ரஸ். கூகிளின் துணை லைப்ரரியான அன்ட்ரொய்ட்எக்ஸ் கோரில் உள்ள பேக்கேஜ்இன்ஃபோகம்பாட் இதே சோதனையை உள்ளே வைத்துக்கொண்டு ஒரே வரியில் லோங் தருகிறது. என் ஓட்டு இதற்கே. ஒரு எச்சரிக்கை: வந்த லோங்கை டூஇன்ட் போட்டுச் சுருக்காதீர்கள், மேஜர் பாதி காணாமல் போகும். ரூம் தரவுத்தள லைப்ரரியில் சேமிக்கிறீர்கள் என்றால் இன்ட்டும் லோங்கும் அங்கே இன்டிஜர்தான், மைக்ரேஷன் (பழைய தரவுத்தளத்தைப் புது அமைப்புக்கு மாற்றுவது) தேவையில்லை.

சொந்தச் செயலியின் எண் மட்டும் போதுமென்றால் பில்ட் செய்யும்போது உருவாகும் பில்ட்கொன்ஃபிக் வகுப்பின் வேர்ஷன்கோட் இன்னும் எளிது. பேக்கேஜ் மெனேஜரைக் கேட்கவே வேண்டாம். ஆனால் பில்ட் கருவியான அன்ட்ரொய்ட் கிரேடில் பிளகின் 8.0 முதல் பில்ட்கொன்ஃபிக்கை நாமே இயக்கிவிட வேண்டும், 4.1 முதல் லைப்ரரி மொடியூல்களில் அந்த எண் வராது.

வேர்ஷன்கோட்டுக்குப் பிளே ஸ்டோரின் உச்சவரம்பு 2100000000. 2025061401 போலத் திகதி வைத்து எண் போடுகிறவர்களுக்கு அது போதும்; மணி, நிமிடம் சேர்த்தால் இடிக்கும். தோட்ட அலுவலகத்தின் புது டெப்லெட்டுகளுக்கு மட்டும் எழுதி, மின்எஸ்டிகேயை (செயலி ஏற்கும் மிகக் குறைந்த ஏ.பி.ஐ. நிலை) 28க்கு உயர்த்திவிட்டவர் கம்பாட்டையும் விட்டுவிட்டு நேரடி அழைப்பையே வைக்கலாம்.