பட்டன் செல்லுக்கு எந்த சிப்? மூன்று மலிவு மைக்ரோகண்ட்ரோலர்கள்

வேலை சின்னதுதான். சிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, வெப்பநிலையைப் படித்து, தன் ஃபிளாஷிலேயே (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) பதிந்துவிட்டு மறுபடி தூங்க வேண்டும். மின்சாரம் ஒரு சிஆர்2032 பட்டன் செல்லிலிருந்து. கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர் மணி. சிஎச்32வி003, ஏடிடைனி85, எம்எஸ்பி430ஜி2553 என்ற மூன்று மைக்ரோகண்ட்ரோலர்களில் (ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கணினிகள்) எதை எடுப்பது?

விலையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. சீனாவின் டபிள்யூசிஎச் 2022-இல் அறிமுகப்படுத்திய சிஎச்32வி003, மொத்தமாக வாங்கினால் 10 அமெரிக்க சென்ட் அளவில் கிடைக்கிறது. அந்தக் காசுக்கு 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் வகை கோர் (கட்டளைகளை நிறைவேற்றும் பகுதி), 48 மெகாஹெர்ட்ஸ், 16 கேபி ஃபிளாஷ், 2 கேபி ரேம். ஏடிடைனி85-இல் இருப்பது 8 கேபி ஃபிளாஷும் 512 பைட் ரேமும்தான். விலையோ பல மடங்கு. எம்எஸ்பி430 16 பிட்; 16 கேபி ஃபிளாஷ், 512 பைட் ரேம். அதுவும் சிஎச்32வி003 அளவுக்கு மலிவு இல்லை.

ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். சிப் விழித்திருக்கும் 20 மில்லிவினாடியில் 5 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 600 வினாடிக்குப் பரப்பினால் சராசரி 0.17 மைக்ரோஆம்பியர்தான். மிச்ச நேரமெல்லாம் தூக்கம். எனவே வேகமும் கோரும் இங்கே ஒரு பொருட்டே இல்லை. தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதே கேள்வி.

சிஎச்32வி003 தூக்கத்தில் ஏறக்குறைய 10 மைக்ரோஆம்பியர் இழுக்கும். ஆண்டுக்கு 88 மில்லிஆம்பியர் மணி; காகிதத்தில் இரண்டரை வருடம் வரும். நடைமுறையில் வராது. இதற்குக் குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும். செல் பழசாகி உள்மின்தடை ஏறியதும், சிப் விழிக்கிற ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் அதற்குக் கீழே சரியும். செல்லில் சார்ஜ் மிச்சமிருக்கும், ஆனால் கருவி நின்றுபோகும்.

ஏடிடைனி85-இன் டேட்டாஷீட்டில் 0.1 மைக்ரோஆம்பியர் என்று பார்த்து மயங்க வேண்டாம். அது வாட்ச்டாக்கையும் (சிப்புக்குள் தனியாக ஓடும் டைமர்) நிறுத்திவிட்ட தூக்கம். தானாக எழ வாட்ச்டாக் ஓடியாக வேண்டும். 3 வோல்ட்டில் அது 4, 5 மைக்ரோஆம்பியர் கேட்கும். அதிகபட்ச இடைவெளியும் 8 வினாடிதான், ஆக பத்து நிமிடத்துக்கு 75 முறை எழுப்பி எழுப்பித் தூங்க வைக்க வேண்டும். ஏடிடைனி85 சேர்ந்த ஏவிஆர் குடும்பம்தான் பழக்கம் என்றால் ஏடிடைனி412 பக்கம் போங்கள். உள்ளேயே ஆர்டிசி (நேரம் எண்ணும் கடிகாரம்) இருக்கிறது, 1 மைக்ரோஆம்பியர் அளவில் தூங்கும், பத்து நிமிடத்தை ஒரே மூச்சில் எண்ணும்.

எம்எஸ்பி430 இதற்கென்றே பிறந்தது. கைக்கடிகாரங்களில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை மாட்டினால், நேரத்தைத் துல்லியமாக எண்ணிக்கொண்டே 1 மைக்ரோஆம்பியருக்குள் தூங்கும். ஆண்டுக்கு 9 மில்லிஆம்பியர் மணிகூட ஆகாது. 1.8 வோல்ட் வரை ஓடும். ஒரே குறை, ஃபிளாஷில் எழுத மட்டும் 2.2 வோல்ட் வேண்டும். செல்லின் கடைசிக் காலத்தில் மின்னழுத்தத்தைப் பார்த்த பிறகே பதியுங்கள். இந்த வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான், விலை கூடினாலும் சரி.

சுவர் அடாப்டரில் ஓடும் கருவியா? அப்போது யோசிக்கவே வேண்டாம், சிஎச்32வி003. 5 வோல்ட்டிலும் நேரடியாக ஓடும்.

அதையே பேட்டரியிலும் ஓட்டியே தீருவேன் என்பவர்களுக்கு: சிப்பின் பயன்படாத கால்களை (பின்களை) நிலையான மின்னழுத்தம் இல்லாமல் மிதக்க விடாதீர்கள், தூக்க மின்னோட்டம் ஏறிவிடும். அந்த மின்னோட்டத்தை அளவெடுப்பதை டெவலப்மென்ட் போர்டில் (சிப்பைப் பழகிப் பார்க்க விற்கும் தயார் போர்டு) செய்யாதீர்கள்; அதிலுள்ள பவர் எல்இடியும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரும் மட்டுமே சில மில்லிஆம்பியர் தின்றுவிடும். அப்புறம், நிரலின் தொடக்கத்தில் சில வினாடி சும்மா காத்திருக்கச் சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே சிப் தூங்கிவிட்டால் புரோகிராமர் (நிரலை ஏற்றும் கருவி) அதைப் பிடிக்க முடியாமல் திணறும்.