ஒன்பது வருடமாக ஒரு ஆர்32 ஸ்கைலைன்: ஒட்டியிருந்த பேட்ஜும் உண்மையான வேரியன்ட்டும்

யோகோஹாமாவில் இருக்கிறேன். 1990 மாடல் நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஒன்றை ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன். வாங்கும்போது டிக்கியில், இந்த ஸ்கைலைனின் உச்ச வேரியன்ட்டான ஜிடி-ஆரின் பேட்ஜ் இருந்தது. வண்டியோ அதற்குக் கீழே உள்ள ஜிடிஎஸ்-டி டைப் எம். விற்றவர் அதை மறைக்கவில்லை, விலையும் டைப் எம் விலைதான். முந்தைய ஓனர் ஆசைக்கு ஒட்டியிருக்கிறார்.

அதற்கு முன் பார்த்த வண்டிதான் என்னை உஷாராக்கியது. ஜிடி-ஆர் என்றே விலை சொன்னார்கள். கூட வந்த நண்பர் ஃபிரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து பானெட்டில் வைத்தார். டக்கென்று பிடித்துக்கொண்டது. ஆர்32 ஜிடி-ஆருக்கு பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். காந்தம் ஒட்டவே கூடாது. "பானெட் மாற்றியதாக இருக்கும்" என்றார் விற்பவர். சரி, பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றோம். மாடல் குறியீடு (கோடு) எச்சிஆர்32 (HCR32). ஜிடி-ஆர் என்றால் பிஎன்ஆர்32 (BNR32) என்று இருக்க வேண்டும். பேசாமல் திரும்பிவிட்டோம்.

இந்த மாடல் குறியீட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் எழுத்து இன்ஜின்: எச் என்றால் 2 லிட்டர் ஆர்பி20, பி என்றால் 2.6 லிட்டர் ஆர்பி26. அடுத்து 'என்' (N) எழுத்து வந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும். அதனால்தான் ஜிடிஎஸ்-4 வண்டிக்கு எச்என்ஆர்32. இன்ஜின் பக்கம் உள்ள நீலத் தகட்டிலும் இதே கோடு இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அகலமும் காட்டிக்கொடுக்கும்: ஜிடிஎஸ்-டி 1695 மி.மீ., ஜிடி-ஆர் 1755 மி.மீ.

ஜிடி-ஆருக்குள்ளேயும் தரம் உண்டு. 1993-இல் வந்த வி-ஸ்பெக்கில் பிரெம்போ பிரேக்கும் 17 இஞ்ச் பிபிஎஸ் வீலும் கம்பெனியிலிருந்தே வந்தன. அதற்காகவே விலை ஏறுகிறது, பேட்ஜ் போலிகளும் அங்கே உண்டு.

நானும் ஒருமுறை அடிபட்டேன். "ஆர்32, 2 லிட்டர் டர்போ" என்று மட்டும் சொல்லி பிரேக் பேட் ஆர்டர் செய்தேன். வந்தது சாதாரண ஜிடிஎஸ்-டியுடையது. டைப் எம்முக்கு முன் சக்கரங்களில் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் நான்கு பிஸ்டன் வகை, அதில் அந்தப் பேட் உட்காரவே இல்லை. ஒரு வாரம் வண்டி ஜாக்கி மேலேயே நின்றது. இப்போதெல்லாம் கோடு, தயாரித்த மாதம், டைப் எம் என்பது, இந்த மூன்றையும் சொல்லாமல் எதையும் வாங்குவதில்லை.

215 குதிரைத்திறன்தான். ஜிடி-ஆரின் 280 இல்லை. ஆனால் மூக்கு லேசு, வளைவில் திருப்பியதும் முன்பக்கம் கூடவே வரும். 4000 ஆர்பிஎம் தாண்டி டர்போ எழும்பும்போது எனக்கு இன்றும் சிரிப்பு வந்துவிடும். இப்படி ஒரு வண்டிக்கு வேறொன்றின் பெயர் எதற்கு?

இரண்டாம் வருடம் பேட்ஜை எடுத்தேன். ஹேர் டிரையரால் சூடாக்கி, மீன்பிடி நரம்பை அடியில் விட்டு மெதுவாக அறுத்தேன். பசையைத் துடைத்ததும் வெயில் படாத சாம்பல் நிறத்தில் பழைய எழுத்துகளின் சுவடு தெரிந்தது. பழைய ஜிடிஎஸ்-டி எழுத்து ஒன்றைத் தேடி வாங்கி, அந்தச் சுவட்டின் மேலேயே பொருத்தினேன்.